தொட்டியில் குறையாத தண்ணீர்

இன்றைக்கு இந்தப் பரம்பு மேட்டில் பன்னிரண்டு பேர். பொறுப்பாளர் நித்தியானந்தம் சார் ஒருவர். அவரிடம் படிக்கிற பிள்ளைகள் இருவர், தினகரன், ஹேமலதா. குழிக்குள் இறங்கித் தோண்டுகிறவர்கள் மூவர், பொன்னுலிங்கம், சுயம்பு, அந்தோணி. மண் சுமந்து, சலித்து, கிடைக்கிற பானை ஓடுகளைக் கழுவிக் காயப்போடும் பெண்கள் ஐவர், பேச்சித்தாய், ரோசம்மாள், மாடத்தி, சண்முகவடிவு, தங்கபுஷ்பம். தண்ணீர் கொடுக்க நான், கொம்பையா. காலை ஆறரைக்கு எண்ணினேன், கஞ்சி குடித்தபின் எண்ணினேன், இப்போது பதினொன்றரைக்கும் எண்ணிவிட்டேன், பன்னிரண்டு சரி. கத்திரி பிறந்து இது ஆறாவது நாள். ஊருக்குள் நிழலில் கட்டிக்கிடந்த ஆடே நேற்று ஒன்று செத்தது. இங்கே ஒரு மரம் கிடையாது. சரளையும் செம்மண்ணும் காய்ந்து கீழேயிருந்து ஒரு வெயில் அடிக்கிறது, மேலேயிருந்து ஒரு வெயில் அடிக்கிறது. இப்படிப்பட்ட மேட்டில் பழைய காலத்து முதுமக்கள் தாழிகளைத் தோண்டுகிற வேலையில் ஆறு நாளாக ஓர் ஆளும் சாயவில்லை. சாயவும் மாட்டார்கள், என் கணக்குத் தவறினால்தானே. ஐந்து குடம் நல்ல தண்ணீர். குடத்துக்கு அறுபது தம்ளர். முதல் நாளே மூன்று தடவை அளந்து பார்த்தேன், இரண்டு தடவை அறுபது வந்தது, ஒரு தடவை ஐம்பத்தொன்பது வந்தது, அந்த ஒரு தடவை கை ஆடிக் கொஞ்சம் சிந்தியது எனக்கே தெரியும். அரை மணிக்கு ஒருமுறை தண்டவாளத் துண்டை அடிக்கிறேன். அடித்ததும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு எல்லாரும் இந்தத் தார்ப்பாய் நிழலுக்கு வரவேண்டும், தலைத்துண்டை நனைக்கவேண்டும், ஆளுக்கு இரண்டு தம்ளர் வாங்கவேண்டும். தாகம் இல்லை என்ற பேச்சுக்கு இடமில்லை, தாகம் எடுக்கும்போது நேரம் கடந்திருக்கும். இரண்டாவது குடத்தில் உப்பும் சர்க்கரையும் எலுமிச்சையும் கலந்திருக்கும். சாருக்கும் பிள்ளைகளுக்கும் தனி பாட்டில், மற்ற ஒன்பது பேருக்கு ஒரு முறைக்குப் பதினெட்டுத் தம்ளர். இதுவரை பத்து முறை அடித்தாயிற்று. நூற்றெண்பது தம்ளர், மூன்று குடம் சரியாகக் காலி. இரண்டு குடம் நிறைகுடமாக என் பக்கத்தில் இருக்கிறது. எல்லாம் சரியாக இருக்கிறது. ஆனாலும் ஏதோ ஒன்று சரியாக இல்லை.

வேறொன்றுமில்லை, வழக்கம்போலப் பதினொன்றரைக்கு வேலையை நிறுத்தாததுதான் மனதில் கிடந்து அரிக்கிறது என்று நினைத்துக்கொள்கிறேன். ஏழாம் குழியில் தாழி ஒன்று வாயைக் காட்டிவிட்டது. ஈரமண்ணுக்குள் இத்தனை காலம் கிடந்தது, இந்த வெயிலில் அப்படியே விட்டால் விளிம்பு வெடித்துப்போகும், மேல்மண்ணை எடுத்து அளந்து படம் பிடித்து ஈரச்சாக்கு போட்டு மூடவேண்டும், அதற்கு இன்னும் அரை மணி நேரம் என்று சார் சொன்னார். உத்தரவாகச் சொல்லவில்லை, கேட்டுக்கொண்டார். நல்ல மனுசர். "கொம்பையா, பன்னிரண்டு மணி, அதுக்கு மேல ஒரு நிமிஷம் கிடையாது" என்று என் கையைத் தொட்டுச் சொன்னார். நானும் தலையாட்டினேன். அரை மணி நேரம்தானே, தண்ணீர் இருக்கிறது, நிழல் இருக்கிறது, கணக்கு இருக்கிறது. பத்தாவது முறைக்கு எல்லாரும் வந்துவிட்டுப் போய் ஐந்து நிமிடம் ஆகிறது. ஆண்கள் இங்கேயே நின்று அண்ணாந்து ஊற்றிக்கொண்டு தம்ளரைக் கவிழ்த்து வைப்பார்கள். பெண்கள் தம்ளரை வாங்கிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி நடந்து, நான்கு எட்டு தள்ளிப் போய்க் குடித்துவிட்டுக் கொண்டுவந்து கொடுப்பார்கள். நான் நிமிர்ந்து பார்ப்பதில்லை. அறுபத்தேழு வயதாகியும் ஒரு பெண்பிள்ளை எதிரே நின்று பேசினால் என் கண் தரையில்தான் இருக்கும். ஆகையால் எனக்குக் கைகள்தான் தெரியும். கண்ணாடி வளையல் இரண்டு போட்ட கை பேச்சித்தாய், வெட்டுத் தழும்பு ரோசம்மாள், ஆண்பிள்ளைச் சட்டையின் முழுக்கை தங்கபுஷ்பம். முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளச் சொன்னது நான்தான், பேச்சித்தாயிடம் சொல்லி அவள் மூலமாகச் சொன்னேன். "என்ன சித்தப்பா, எண்ணிட்டியளா? ஒரு தம்ளர் கூடிச்சுன்னா தூக்கம் வராதே ஒங்களுக்கு" என்று அந்த முழுக்கைதான் இப்போது கேட்டுவிட்டுப் போனது. கூடினால் தூக்கம் வரும், குறைந்தால்தான் வராது என்று சொல்லியிருக்கலாம். அவள் குழிப்பக்கம் போய்ப் பொன்னுலிங்கத்தைப் பிடித்துக்கொண்டாள். "ஏ பொன்னுலிங்கம் அண்ணே, தாழிக்குள்ள ஒங்க பாட்டன் இருக்காரான்னு நல்லா எட்டிப் பாரும்." "இருந்தா ஒன்னயக் கட்டிக்கிடச் சொல்லுதேன்ட்டி." "வேண்டாம்ப்பா, பல்லு ஒண்ணுகூட இருக்காது, முறுக்கு வாங்கிக் குடுத்தா நான்தான் இடிச்சுக் குடுக்கணும்." எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு நல்லது. சிரிக்கிற ஆளுக்கு உடம்பில் தெம்பு இருக்கிறது என்று அர்த்தம். அப்படித்தானே? அப்படி இல்லை. அது எனக்குத் தெரியும். அந்த யோசனை இப்போது வேண்டாம்.

தொட்டியைப் பார்க்கலாம். ஓடு கழுவுகிற தொட்டி, நீல டிரம்மைப் பாதியாக அறுத்தது, நிழலுக்கும் சல்லடைக்கும் நடுவில் வழியிலேயே இருக்கிறது. காலையில் லாரித் தண்ணீர் மூன்று குடம் ஊற்றுவேன். உள்பக்கம் கரித்துண்டால் மூன்று கோடு போட்டிருக்கிறேன், குடத்துக்கு ஒரு கோடு. தேய்த்துக் கழுவி, அலசி, ஓட்டோடு ஒட்டிக்கொண்டும் போய், பதினொன்றரைக்குள் ஒன்றரைக் குடம் குறையும், நான் திரும்ப ஊற்றுவேன். வேலை தொடங்கிய நாளிலிருந்து அப்படித்தான். இன்றைக்குத் தண்ணீர் மூன்றாவது கோட்டில் நிற்கிறது. காலையில் நான் விட்ட இடத்திலேயே. இன்று நான் திரும்ப ஊற்றினேனா? இல்லை. நேற்று? நேற்றும் இல்லை. திங்கட்கிழமையிலிருந்தே இல்லை, இன்று வியாழன். பெண்கள் சிக்கனமாகக் கழுவப் பழகிவிட்டார்கள் என்று எனக்குள்ளே மெச்சிக்கொண்டது ஞாபகம் வருகிறது. முந்தாநாள் பேச்சித்தாயிடம் அதைச் சொல்லவும் செய்தேன், எப்போதாவது நான் வாய்திறந்து பாராட்டுகிறவன், அதற்கு அவள் மற்றவர்களைப் பார்த்தாள். ஆனால் கழுவிய ஓடு குறையவில்லையே. காயப்போட்ட தட்டுகளை எண்ணுகிறேன், பதினாறு தட்டு, எப்போதும் போலத்தான். பதினாறு தட்டு ஓடுகளை ஒரு சொட்டுக் குறையாமல் யார் கழுவ முடியும்? அப்படியானால் குறைந்திருக்கிறது. குறைந்த அளவுக்கு ஊற்றப்பட்டும் இருக்கிறது. நான் ஊற்றவில்லை. ஒன்றரைக் குடம் என்றால் தொண்ணூறு தம்ளர். தொண்ணூறு. பெண்கள் ஐந்து பேர், ஆளுக்கு இரண்டு, ஒரு முறைக்குப் பத்துத் தம்ளர். பத்து முறைக்கு நூறு. நூறுக்கும் தொண்ணூறுக்கும் பத்து வித்தியாசம். ஒரே ஒரு முறை மட்டும் குடித்திருக்கிறார்கள். ஏழு மணிக்கு, வெயில் ஏறுவதற்கு முன்னால், முதல் முறை வாங்கியதை மட்டும். அப்புறம் ஒன்பது முறை வாங்கியதையும் திரும்பி நின்று, நான்கு எட்டு தள்ளிப் போய், தொட்டியில் ஊற்றியிருக்கிறார்கள். நான் கொடுத்ததை எண்ணினேன். கொடுத்தது வேறு, குடித்தது வேறு. ஐந்தாம் வகுப்போடு நின்றவனாக இருந்தாலும் கூட்டல் கழித்தலில் எனக்குப் பிழை வராது, பிழை வராத கணக்கை வைத்துக்கொண்டு நான்கு நாளாகக் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறேன்.

ஏன் குடிக்கவில்லை என்று யாரிடமும் கேட்கவேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மறைப்பை இடம் மாற்றினோம். பெண்கள் ஒதுங்குவதற்கு நான்கு கம்பு நட்டுச் சுற்றிலும் பச்சைத் துணி கட்டிய மறைப்பு, முன்பு மேட்டுக்கு அந்தப்பக்கச் சரிவில் யார் கண்ணிலும் படாமல் இருந்தது. அங்கேதான் ஏழாம் குழி போடவேண்டும் என்றார்கள். "எங்க வசதியோ அங்க வச்சிருங்க கொம்பையா" என்று சார் என் பொறுப்பில் விட்டார். நான் இடம் பார்த்தேன். நல்ல இடம் என்றால் இந்தத் தார்ப்பாய்க்குப் பின்னால்தான், பள்ளமாக, விடத்தலைப் புதர் இரண்டு பக்கமும் மறைத்து, வழியும் தனி வழி. ஆனால் நான் உட்காருகிற இடத்திலிருந்து ஒன்பது எட்டு. ஒன்பது எட்டில் அவர்கள் போகவும் வரவும் நான் இங்கே தம்ளரோடு உட்கார்ந்திருக்கவேண்டும். அது என்னால் ஆகாது என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன். என் கூச்சத்தை அவர்களுடைய கூச்சம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, தூரமாக, சாருடைய கொட்டகைக்கும் ரோட்டுக்கும் நடுவில் கொண்டுபோய் நட்டேன். ஐம்பத்திரண்டு எட்டு. அங்கே போகவேண்டுமானால் குழியில் நிற்கிற மூன்று ஆண்களையும் தாண்டி, மேசையில் படம் வரைகிற தினகரனைத் தாண்டி, பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் பார்க்கப் போகவேண்டும். ஒருத்தியும் போகமாட்டாள். போகாமல் இருக்க ஒரே வழி, குடிக்காமல் இருப்பது. வாங்கமாட்டேன் என்றால் நான் விடமாட்டேன், கணக்குக் குறையும் என்று நிற்பேன், ஆகவே வாங்கி ஊற்றிவிட்டார்கள். எனக்கு மனசு நோகக்கூடாது என்றுகூட ஊற்றியிருப்பார்கள். இதை யாரிடமாவது சொல்லவேண்டும், இப்போதே. எப்படிச் சொல்வது? ஒதுங்க இடமில்லை என்று சொல்லலாம். ஒதுங்க என்றால் நிழலுக்கு ஒதுங்க என்று எடுத்துக்கொள்வார்கள். வெளியே போக. இங்கே எல்லாமே வெளிதான். சாரிடம் போய் என்ன வார்த்தையைப் போட்டு ஆரம்பிப்பது? எழுந்து ஹேமலதாவிடம் போகிறேன், சல்லடை ஓரத்தில் நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறாள், படித்த பிள்ளை, பெண்பிள்ளை. "தாயி" என்கிறேன். "சொல்லுங்க ஐயா." "அந்த மறைப்பு... பொம்பளயாளுக..." கையால் ரோட்டுப் பக்கம் காட்டுகிறேன். அவள் என் முகத்தைப் பார்க்கிறாள், அப்புறம் காலடியில் இருந்த தன் பாட்டிலை எடுத்துக் காட்டுகிறாள். கழுத்துவரை தண்ணீர். "எனக்கும் அதேதான் ஐயா. காலையிலருந்து ரெண்டு வாய். ஹாஸ்டலுக்குப் போய்தான் குடிப்பேன். யார்கிட்ட போய் இதைச் சொல்றது, எப்படிச் சொல்றது?" எப்படிச் சொல்வது. அவளும் அதையேதான் கேட்கிறாள். ஐந்து பேர் இல்லை, ஆறு பேர்.

தங்கபுஷ்பம் மண் சட்டியோடு என்னைத் தாண்டிப் போகிறாள். வரிசையில் நான்காவதாக வரவேண்டியவள் ஐந்தாவதாக, இடைவெளி விட்டு வருகிறாள். சலித்த மண் ஒரு குவியல், சலிக்காத மண் ஒரு குவியல், சலிக்காததைச் சலித்ததில் கொட்டக்கூடாது என்பது இங்கே முதல் பாடம், ஒருநாளும் அவள் தப்பினதில்லை. இப்போது தப்பான குவியலில் கொட்டுகிறாள். கொட்டிவிட்டு, கொட்டிய இடத்தைப் பார்த்துச் சிரிக்கிறாள். "ஏட்டி, எங்கன கொட்டுத, கண்ணு தெரியலையா?" என்று ரோசம்மாள் சத்தம் போடுகிறாள். தங்கபுஷ்பம் திரும்பி என் பக்கம் வருகிறாள். இந்தத் தடவை நான் நிமிர்ந்து பார்க்கிறேன். முகம் சிவந்து காய்ந்த ஓடு மாதிரி இருக்கிறது. நெற்றியில் ஈரம் இல்லை. கழுத்தில் இல்லை. சட்டையின் தோளில் உப்புப் பூத்த வெள்ளைக்கோடு மட்டும் இருக்கிறது, அந்தக் கோடு காய்ந்திருக்கிறது. முழங்கை வரை சட்டையை ஏற்றிவிட்டிருக்கிறாள், மயிர்க்கால் எல்லாம் குத்திட்டு நிற்கிறது. "அத்தை வந்துட்டாளா? குளுருது, பாய எடுத்துப் போடணும்" என்கிறாள், என்னைப் பார்த்து, நான் யாரென்று தெரியாமல். குளுருது. அந்த வார்த்தையை நான் இதற்கு முன்னால் ஒரே ஒரு ஆள் வாயில், இப்படி ஒரு வெயிலில் கேட்டிருக்கிறேன். உப்பளத்தில், என் அக்காள் புருசன் சுடலைமணி அத்தான். நான் உப்பு அம்பாரத்தின் அடியில் நின்று பெட்டிக்கு ஒரு புளியங்கொட்டையாக எண்ணுகிறவன், அவர் சுமக்கிறவர். எழுபத்திரண்டாவது பெட்டியைக் கொட்டிவிட்டு, "கொம்பையா, குளுருதுலே" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் வரப்பில் போய் உட்கார்ந்தார். பார்த்தேன். சாய்ந்தார். பார்த்தேன். அந்த நடைக்கு இன்னும் பதினொரு பெட்டி வந்துகொண்டிருந்தது, விட்டால் கணக்குக் குழம்பிவிடும் என்று எண்பத்து மூன்று வரை எண்ணிவிட்டுத்தான் அவரிடம் போனேன். எத்தனை நிமிடம் இருக்கும்? மூன்று. நான்கு. இருபத்தொன்பது வருசமாக அந்த ஒரு எண் மட்டும் எனக்குத் தெரியாது. எண்பத்து மூன்று தெரியும். அக்காள் கேட்டபோது அதைத்தான் சொன்னேன், அத்தான் கடைசியாகச் சுமந்தது எழுபத்திரண்டாவது பெட்டி, மொத்தம் எண்பத்து மூன்று என்று.

தண்டவாளத்தை அடிக்கிறேன். பதினொன்று நாற்பத்தாறு, அடிக்கிற நேரம் இல்லை, அடிக்கிறேன், ஒன்று இரண்டு மூன்று, அப்புறம் எத்தனை அடித்தேன் என்று தெரியவில்லை. எல்லாரும் திரும்புகிறார்கள். குழிக்குள்ளிருந்து மூன்று தலை வெளியே வருகிறது. "என்ன கொம்பையா, இன்னும் நேரம் இருக்கே" என்று சார் கையில் அளவுநாடாவோடு வருகிறார். இருபத்திரண்டு கண்ணும் என்மேல். தரையைப் பார்க்கவேண்டும்போல் இருக்கிறது. பார்க்கவில்லை. "பொம்பளயாளுக யாரும் தண்ணி குடிக்கல சார்" என்கிறேன். குரல் எனக்கே யாருடையதோ மாதிரிக் கேட்கிறது. "நீங்கதானே குடுத்தீங்க?" "நான் குடுத்தேன். அவுக குடிக்கல. நாலு நாளாத் தொட்டியில ஊத்துதாக. குடிச்சா ஒண்ணுக்குப் போகணும். போக இடமில்ல. மறைப்பக் கொண்டுபோய் ரோட்டோரம் வச்சது நான். இந்தப் பிள்ளைக்கு வேர்வை நின்னுபோச்சு. புத்தி மாறிப் பேசுது. வேலைய நிறுத்துங்க, இப்பமே நிறுத்துங்க." ஒண்ணுக்கு என்ற வார்த்தை இந்த மேட்டில் எல்லார் காதிலும் விழுந்துவிட்டது. ஒன்றும் இடிந்துவிழவில்லை. மாடத்தி மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சார் ஒரு கணம் ஏழாம் குழியைப் பார்த்தார், தாழியின் வாய் வெயிலில் திறந்து கிடக்கிறது. "மூடு" என்றார், "சாக்கப் போட்டு மூடு தினகரா, படம் வேண்டாம், எல்லாரும் நிழலுக்கு." அவர் சொல்லி முடிப்பதற்குள் தங்கபுஷ்பத்தின் முழங்கால் மடங்கியது. ரோசம்மாள் பிடித்தாள். இருவருமாகச் சரளையில் உட்கார்ந்தார்கள்.

தூக்குங்க, நிழலுக்குத் தூக்குங்க. பொன்னுலிங்கம் தோளைப் பிடித்தான், அந்தோணி காலைப் பிடித்தான். "ஏட்டி பல்லில்லாக் கிழவன் பொண்டாட்டி, கண்ணத் தொறட்டி" என்று பொன்னுலிங்கம் சொல்லிக்கொண்டே வந்தான். பேச்சித்தாய் தம்ளரை அவள் வாயில் வைக்கப் போனாள். "ஊத்தாத!" என்று கத்தினேன். கத்தியது நான்தான். "மயக்கத்துல இருக்கவ வாயில ஊத்தக்கூடாது, நெஞ்சுக்குள்ள போயிரும். மேல ஊத்து. சட்டையக் கழத்துங்க, சேலைய நனைங்க. ஆம்பளயாளுக எல்லாம் அந்தப் பக்கம் திரும்புங்க." திரும்பினார்கள். நானும் திரும்பினேன், அப்புறம் திரும்பாமல் இருந்தால்தான் காரியம் ஆகும் என்று தெரிந்து இந்தப் பக்கமே திரும்பினேன். கழுவுகிற தொட்டியைச் சுயம்பு ஒற்றை ஆளாக இழுத்துக்கொண்டு வந்துவிட்டான், அந்தச் செந்தண்ணீரைச் சட்டியால் மொண்டு மொண்டு அவள் தலையில், கழுத்தில், அக்குளில், தொடையில் ஊற்றினார்கள். தொட்டி காலியானதும் நான் நிறைகுடத்தை எடுத்துச் சாய்த்தேன். தம்ளரால் மொள்ளவில்லை. எத்தனை தம்ளர் என்று எண்ணவில்லை. எண்ண நினைத்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. ஓடு காயப்போட்ட தட்டுகளைக் கவிழ்த்துவிட்டு ஆளுக்கு ஒரு தட்டாக எடுத்து வீசினார்கள், எண் எழுதி வைத்த ஓடுகள் எல்லாம் தரையில் கலந்து கிடந்தன, சார் அதன்மேலேயே மண்டியிட்டு வீசினார். ஹேமலதா ஆம்புலன்ஸுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தாள், கல்பாலத்துக்குக் கிழக்கே, தண்ணித் தொட்டி தாண்டி, செம்மண் மேடு. கழுத்தைத் தொட்டுப் பார் ரோசம்மா. "கொதிக்கு சித்தப்பா." ஊத்து. இப்ப? "இன்னும் கொதிக்கு." ஊத்து. சுடலைமணி அத்தானுக்கு நான் போனபோது தொட்டுப் பார்க்கவே பயமாக இருந்தது, அவர் உடம்பின் சூடு ஒரு முழத் தூரத்திலேயே தெரிந்தது. தண்ணீர் இருந்தது, அன்றைக்கும் தண்ணீர் இருந்தது, பானை நிறைய இருந்தது. வாயில்தான் ஊற்றினோம். ஊத்துங்க, நிறுத்தாதீங்க. "இப்பக் கொஞ்சம் தணிஞ்சிருக்கு." தங்கபுஷ்பம் முனகினாள். வண்டி வந்தபோது கண்ணைத் திறந்து, சேலை கலைந்திருப்பதைப் பார்த்து, கையால் தேடி இழுத்து மூடிக்கொண்டாள். அந்தக் கை சேலையைத் தேடியதைப் பார்த்தபோது இவள் போகமாட்டாள் என்று எனக்குத் தோன்றியது.

வண்டியில் மூன்று பேர் போனார்கள், தங்கபுஷ்பம், ரோசம்மாள், ஹேமலதா. மேட்டில் ஒன்பது பேர். மணி பன்னிரண்டு இருபது. யாரும் வீட்டுக்குப் போகவில்லை. போங்கள் என்று சார் இரண்டு தடவை சொன்னார், பிறகு சொல்லவில்லை. கடைசியில் பேச்சித்தாய்தான் ஆரம்பித்தாள். "ஒங்ககிட்டச் சொல்லலாம்னுதான் இருந்தோம் அண்ணாச்சி. சொன்னா நீங்க நாளைக்கு வேலைக்கே வரமாட்டிய, வெக்கப்பட்டுக்கிட்டு ஓடிருவியன்னு இவதான் சொன்னா." சண்முகவடிவு என்னைப் பார்க்காமல், "பெறகு யாரு எண்ணி எண்ணிக் குடுப்பா" என்றாள். எனக்காகப் பயந்திருக்கிறார்கள். நான் அவர்களுக்குப் பயந்து ஐம்பத்திரண்டு எட்டுத் தள்ளி நட்டேன், அவர்கள் எனக்குப் பயந்து ஒன்பது முறை ஊற்றினார்கள். உட்கார முடியவில்லை. கடப்பாரையை எடுத்துக்கொண்டு ரோட்டோரம் போனேன். சுயம்பு கூட வந்தான். மறைப்பைப் பிடுங்கி, கொண்டுவந்து, தார்ப்பாய்க்குப் பின்னால் விடத்தலைப் புதருக்கு நடுவில் பள்ளத்தில் நட்டோம். எட்டு வைத்துப் பார்த்தேன், ஒன்பதேதான். நான் உட்காருகிற கல்லைத் தூக்கித் திருப்பிப் போட்டேன், முகம் கிழக்கே இருக்கும்படி. இவ்வளவுதான் வேலை. கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அப்புறம் குடங்களைப் பார்த்தேன். ஒன்று காலி. இன்னொன்றில் அடியில் கொஞ்சம். காலிக் குடத்தில் மொண்டு மொண்டு ஊற்றி அளந்தேன், முப்பத்தொன்று. ஆக, ஊற்றியது எண்பத்தொன்பது என்று கழித்துச் சொல்லிவிடலாம். சொல்லவில்லை. அந்த எண் எனக்கு வேண்டியதாக இல்லை. முப்பத்தொன்று இருக்கிறது. அது போதும். மொண்டு கொடுக்கப் போனேன், தங்கபுஷ்பத்தைப் பற்றிச் செய்தி வராமல் தண்ணீர் இறங்காது என்று, எவ்வளவு சொல்லியும் மூன்று பெண்களும் வாங்கவில்லை. மணி ஒன்று. ஒன்றே கால். தினகரன் தரையில் கிடந்த ஓடுகளை எண் பார்த்துத் தட்டில் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தான். சுடலைமணி அத்தானைத் தூக்கிக்கொண்டு போன மாட்டுவண்டி கோயில் திருப்பத்தில் நின்றது, நின்றதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. இன்றைக்கு வண்டி நிற்கவில்லை. சத்தம் தேய்ந்து மறைகிறவரை கேட்டேன். நிற்கவில்லை.

இரண்டு மணி எட்டு நிமிடத்துக்குச் சாருடைய போன் அடித்தது. எல்லாரும் எழுந்துவிட்டோம். சார் எடுத்து, எல்லாருக்கும் கேட்கும்படி ஏதோ அமுக்கினார். ரோசம்மாளின் குரல், பக்கத்து ஊருக்கே கேட்கிற குரல். "எல்லாரும் இருக்கியளா? கொம்பையாச் சித்தப்பா இருக்காகளா? ரெண்டு பாட்டிலு ஏத்தினாக. இப்பதான் ஒண்ணுக்குப் போனா! நல்லாப் போனா! பெரிய டாக்டரம்மா வந்து பாத்துட்டு, இனி பயமில்லன்னுட்டாக. ரெண்டு நாள் வச்சிருப்பாகளாம். சித்தப்பா, கேக்குதா, ஒண்ணுக்குப் போயிட்டா!" அப்புறம் மாடத்தி முந்தானையை எடுத்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள், பேச்சித்தாய் சிரித்துக்கொண்டே அழுதாள், பொன்னுலிங்கம் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு திரும்பி நின்றான். சார் போனைக் கையில் வைத்துக்கொண்டு, "ரொம்ப நல்லது, ரொம்ப நல்லது" என்றார். இருபத்தொன்பது வருசத்தில் இவ்வளவு நல்ல செய்தி ஒன்றை நான் கேட்டதில்லை. மூன்று பெண்களும் குடத்துக்கு வந்தார்கள். நான் மொண்டு கொடுத்தேன். அவர்கள் திரும்பிக்கொள்ளவில்லை, அங்கேயே நின்று என் முன்னால் குடித்தார்கள், தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்தேன். இரண்டோடு நிறுத்தச் சொல்லவில்லை. மாடத்தி ஐந்து தம்ளர். சண்முகவடிவு நான்கு. பேச்சித்தாய் மூன்று குடித்துவிட்டு, "போதும் அண்ணாச்சி" என்று சொல்லி, என்னைத் தாண்டிப் பின்பக்கம் நடந்தாள். நான் கிழக்கே பார்த்துக்கொண்டு மற்றவர்களுக்குக் கொடுத்தேன். பொன்னுலிங்கம் இரண்டு, சுயம்பு இரண்டு, அந்தோணி இரண்டு. சாருடைய பாட்டில் காலி, அவருக்கு ஒன்று. தினகரனுக்கு ஒன்று. கடைசியில் நான் இரண்டு. குடத்தைச் சாய்த்து, ஒவ்வொரு தம்ளராக மொண்டு, பக்கத்துக் குடத்தில் ஊற்றி எண்ணினேன். மீதி ஒன்பது.